நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி

கருவடிக்குப்பத்தில் செக்கிங் அக்காவின் வீட்டு பீரோவைத் திறந்தால், இடது கதவின் உட்புறம் ஒரு தாள் ஒட்டியிருப்பதைப் பார்க்கலாம். புடவைகளின் வாசனையும் பாச்சை உருண்டையின் வாசனையும் அதில் ஏறியிருக்கும். தாளில் மூன்று சாம்பல் நிறக் கட்டங்கள், ஒவ்வொன்றும் தீப்பெட்டி அளவு. முதல் கட்டத்தில், பஞ்சைப் பிய்த்து வைத்தது மாதிரி மங்கலாக ஒரு கேலக்ஸி, கோடிக்கணக்கான நட்சத்திரங்கள் சேர்ந்த ஒரு கூட்டம். இரண்டாவதிலும் அதே கேலக்ஸிதான், சில மாதங்களுக்கு முன்பு எடுத்தது. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் மிஞ்சுவது மூன்றாவது கட்டம். அதில் கேலக்ஸி காணாமல் போயிருக்கும். நட்ட நடுவில் ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி மட்டும் நிற்கும். பக்கத்தில் நீலப் பேனாவால் ஒரு டிக். கீழ் மூலையில் மீன் தண்ணீர் பட்ட கறை. அந்த டிக் நான் போட்டது. அதைப் போடுவதற்கு எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

உழவர்கரையில் ஒரு டைல்ஸ் கடைக்கு மேலே, மாடியில், இருபது கம்ப்யூட்டர்கள் வைத்த ஒரு கூடம்தான் எங்கள் ஆபீஸ். கீழே லாரியிலிருந்து டைல்ஸ் இறக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். மேலே நாங்கள் ஜன்னல்களுக்குக் கறுப்புத் திரை போட்டுக்கொண்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம். எங்கோ வெளிநாட்டில், மலை உச்சியில் இருக்கும் ஒரு தொலைநோக்கி இரவெல்லாம் வானத்தைப் படம் எடுக்கும். முன்பு இருந்ததற்கும் இன்று இருப்பதற்கும் என்ன வித்தியாசம் என்று ஒரு எந்திரம் கழித்துப் பார்க்கும். அப்படிக் கழித்ததில் மிஞ்சும் புள்ளிகளில் பெரும்பாலானவை குப்பை. செயற்கைக்கோள் குறுக்கே போயிருக்கும், கேமராவில் கோளாறு இருக்கும், இரண்டு படங்களும் சரியாக ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்திருக்காது. எப்போதாவது ஒன்று மட்டும் நிஜமாகவே வானத்தில் நடந்ததாக இருக்கும். எது நிஜம், எது குப்பை என்று அந்த எந்திரத்துக்குத் தெரியாது. மனிதர்கள் பார்த்துப் பார்த்துக் குறித்துக் கொடுத்தால்தான் அது கற்றுக்கொள்ளும். அந்த மனிதர்கள் நாங்கள். காலை ஒன்பதரைக்கு சாப்பாட்டுக் கூடையோடு மாடியேறி, சாயங்காலம் வரை இரவைப் பார்த்துவிட்டு இறங்குவோம். இறங்கும்போது வெயில் கண்ணைக் கூசும். கொஞ்ச நேரத்துக்கு ரோட்டில் போகும் மனிதர்கள்கூடக் கரைந்து கரைந்து தெரிவார்கள். எந்த உலகத்திலிருந்து வருகிறோம் என்று எனக்கே சந்தேகமாக இருக்கும்.

செக்கிங் அக்கா அங்கே வந்து சேர்ந்தது அவருடைய முழங்காலால்தான். அதற்கு முன் ஒரு ஏற்றுமதித் துணி கம்பெனியில் செக்கிங் பிரிவில் பல வருடம் வேலை செய்திருந்தார். வெளிச்சம் வைத்த மேஜையில் துணியை விரித்து, கறை, நூல் இழுப்பு, தையல் விட்ட இடம் எல்லாவற்றையும் கண்டுபிடித்து ஸ்டிக்கர் ஒட்டும் வேலை. நாள் முழுக்க நின்றபடி பார்க்க வேண்டும். முழங்கால் தேய்ந்துபோய், இனி நிற்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். "உக்காந்து பாக்குற வேலை எதுனா இருந்தா குடுங்க சார், கண்ணு நல்லாத்தான் இருக்கு" என்று எங்கள் மேனேஜரிடம் கேட்டு வாங்கிக்கொண்டார். எங்கள் எல்லோருக்கும் இருபது இருபத்தைந்து வயது, அவருக்கு நாற்பத்தெட்டு. மௌஸை இஸ்திரிப் பெட்டியைப் பிடிப்பது போலப் பிடிப்பார். முதல் வாரம் நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். இரண்டாவது வாரம் எங்கள் சிரிப்பு அடங்கிவிட்டது, ஏனென்றால் அவர் கண் எங்கள் யாருக்கும் இல்லாத கண்.

அவர் பார்க்கும் விதமே தனி. நாங்கள் மூன்று கட்டங்களையும் ஒரு நொடி பார்த்துவிட்டுப் பொத்தானை அமுக்குவோம். அவர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொள்வார், தலையைச் சாய்ப்பார், மறுபடி முன்னால் வருவார். "கறைக்கும் மடிப்பு நெழலுக்கும் வித்தியாசம் இருக்கு பாப்பா. மடிப்பு நெழல்னா ஒரு பக்கம் கறுப்பு, ஒரு பக்கம் வெளுப்பு. கறைன்னா சுத்திலும் ஒரே மாதிரி" என்று ஒரு நாள் என்னிடம் சொன்னார். வானத்துப் படங்களுக்கும் அது அப்படியே பொருந்தியது. இரண்டு படங்கள் சரியாகப் பொருந்தாமல் போனால் வெள்ளைப் புள்ளியின் ஓரத்தில் கறுப்புப் பிறை ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். நிஜமான வெளிச்சம் என்றால் சுற்றிலும் சுத்தமாக இருக்கும். கேலக்ஸியை அவர் பூ என்றுதான் சொல்வார். "இந்தப் பூவுக்கு ஓரத்துல ஒண்ணு வெடிச்சிருக்கு பாரு" என்பார். பார்த்தால் வெடித்துத்தான் இருக்கும்.

இப்போது என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்ல எனக்கு இஷ்டமில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும். அந்தக் கூடத்தில் நான்தான் சரிபார்ப்பவள். மற்றவர்கள் குறித்ததில் சிலவற்றை எடுத்து, சரி என்றால் பச்சையும் தப்பு என்றால் சிவப்பும் போடுவது என் வேலை. பிசிக்ஸ் படித்திருந்தேன் என்பதால் கொடுத்த பதவி. கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த விதிமுறைகள் ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாக இருந்தன, யாரும் படிக்கவில்லை. நான் அதைச் சுருக்கி, ஒரே பக்கத்தில், தமிழில், கொட்டை எழுத்தில் எழுதி, சுவரில் ஒட்டினேன். அதில் கடைசி விதி: "பூவின் நடுவில் இருந்தால் குப்பை." கேலக்ஸியின் நடுப்பகுதி மிகப் பிரகாசமானது, அங்கே கழித்தல் அடிக்கடி தப்பாகும், அதனால் அங்கே தெரியும் புள்ளிகளை நம்பக் கூடாது என்பதுதான் மூல விதி. ஆனால் மூல விதியில் இன்னொரு வாக்கியமும் இருந்தது. கறுப்பு ஓரம் இல்லாமல், சுற்றியுள்ள நட்சத்திரங்களைப் போலவே வட்டமாக இருந்தால் அதை உண்மை என்று குறியுங்கள் என்று. அந்த வாக்கியத்தை நான் விட்டுவிட்டேன். இடம் பற்றவில்லை. இருந்தால் எல்லோரும் குழம்புவார்கள் என்றும் தோன்றியது. மேனேஜர் சார் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு "பிராவோ!" என்றார். அவர் அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், எங்கள் ஊரில் சொல்தா வீடு என்று சொல்வார்களே, அந்த வகை. சந்தோஷம் வந்தால் சாருக்கு பிரெஞ்சு வந்துவிடும்.

அக்கா அந்தத் தாளின் முன்னால் நின்று வெகு நேரம் படித்தார். பிறகு என்னிடம் வந்து, "நடுவுல இருந்தா எல்லாமேவா?" என்று கேட்டார். "எல்லாமேதான்கா" என்றேன்.

அடுத்த வாரத்திலிருந்து அவருடைய குறிப்புகளில் ஒரு விநோதம் தென்பட ஆரம்பித்தது. நடுவில் இருக்கும் புள்ளிகளில் எப்போதாவது ஒன்றை மட்டும் உண்மை என்று குறித்திருப்பார். நான் சிவப்பு போடுவேன். ஒரு வாரம் கழித்து இன்னொன்று. மறுபடியும் சிவப்பு. ஒன்பதாவதோ பத்தாவதோ வந்தபோது எனக்கே கொஞ்சம் உறுத்தியது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பஞ்சு மாதிரி கேலக்ஸி, மூன்றாவது கட்டத்தின் நட்ட நடுவில் வெள்ளைப் புள்ளி. கறுப்பு ஓரம் எதுவும் இல்லை. அழகாக வட்டமாக இருந்தது. ஆங்கில விதிமுறையைத் திறந்து நான் விட்டுவிட்ட வாக்கியத்தைப் படித்தேன். படித்ததும் காது சூடானது. அப்போதே எழுந்துபோய்ச் சுவரில் இருந்த தாளைக் கிழித்திருக்கலாம். ஆனால் அந்தத் தாளை வைத்துத்தான் மூன்று மாதமாக இருபது பேர் வேலை செய்திருந்தார்கள், அதற்குத்தான் எனக்குப் பாராட்டு கிடைத்திருந்தது. ஒரு புள்ளிதானே என்று நினைத்தேன். சிவப்பு போட்டுவிட்டு அடுத்ததுக்குப் போனேன்.

சிவப்புகள் ஓர் அளவைத் தாண்டினால் அந்த ஆளை அந்த வேலையிலிருந்து எடுத்துவிடுவார்கள். அக்காவை எடுத்து, தெருப் படங்களில் வண்டிகளைச் சுற்றிக் கட்டம் போடும் வேலைக்கு மாற்றினார்கள். ஆட்டோவுக்கு ஒரு கட்டம், பைக்குக்கு ஒரு கட்டம் என்று நாள் பூராவும். அதற்குக் கண்ணைவிட விரல் வேகம் முக்கியம், அவருக்கு அது கைவரவில்லை. ஒரு மாதத்தில் நின்றுவிட்டார். போகிற அன்று எல்லோருக்கும் வீட்டிலிருந்து கேசரி செய்து எடுத்து வந்தார். எனக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தார். "வரேன் பாப்பா" என்று மட்டும் சொன்னார். நான் ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினேன். பிறகு கேள்விப்பட்டேன், அவர் பழைய துணி கம்பெனிக்கே திரும்பிப் போய்விட்டார் என்று. நின்று பார்க்கும் வேலைக்கு.

ஒரு வருடம் போயிருக்கும். வெளிநாட்டிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. நாங்கள் குப்பை என்று தள்ளியவற்றை அவர்கள் மறுபடி ஒருமுறை பார்த்திருக்கிறார்கள். அதில் ஒரு புள்ளி, அன்று நான் பெரிதாக்கிப் பார்த்த அதே புள்ளி, கேலக்ஸியின் நடுவில் இருக்கும் ஒரு ராட்சதக் கருந்துளை ஒரு நட்சத்திரத்தைக் கிழித்துத் தின்றபோது எழுந்த வெளிச்சம் என்று தெரிந்ததாம். மிக அரிதாகக் கிடைக்கும் காட்சி. கருந்துளை உட்கார்ந்திருப்பது கேலக்ஸியின் நடுவில்தான் என்பதால், அந்த வெளிச்சம் நடுவில் மட்டும்தான் தோன்ற முடியும். நான் எதைப் பார்க்க வேண்டாம் என்று சுவரில் எழுதி வைத்தேனோ, அங்கேயேதான். கடிதத்தின் கடைசியில் இப்படி இருந்தது: முதலில் பார்த்தவர் இதைச் சரியாகவே குறித்திருக்கிறார், பிறகுதான் மாற்றப்பட்டிருக்கிறது, முதலில் பார்த்தவருக்கு எங்கள் வணக்கம்.

மேனேஜர் சார் கடைசி வரி வரை பொறுமையாகப் படிக்கிற ஆள் இல்லை. "நம்ம டீம் கண்டுபிடிச்ச நட்சத்திரம்! பிராவோ, பிராவோ!" என்று கேக் வாங்கி வரச் சொன்னார். சரிபார்ப்பவள் என்பதால் என்னை வெட்டச் சொன்னார். நான் வெட்டினேன். எல்லோரும் கை தட்டினார்கள். என் துண்டை அப்படியே தட்டில் வைத்துவிட்டேன். இப்போதும் எங்காவது பிறந்தநாள் வீட்டில் கேக் வெட்டினால் எனக்கு அந்தக் கூடமும் கறுப்புத் திரையும்தான் நினைவுக்கு வரும்.

மின்னஞ்சலோடு வந்திருந்த மூன்று கட்டங்களையும் ஒரு தாளில் அச்செடுத்துப் பையில் வைத்துக்கொண்டு மூன்று நாள் அலைந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் கருவடிக்குப்பத்துக்குப் போனேன். அக்கா முழங்காலில் கிரேப் பேண்டேஜ் சுற்றிக்கொண்டு, மீன் வாங்கக் கூடையோடு கிளம்பிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஆச்சரியமோ கோபமோ எதுவும் காட்டவில்லை. "வண்டியில வந்திருக்கியா? நல்லதாப் போச்சு. வைத்திக்குப்பம் வரைக்கும் கொண்டுபோய் வுடு" என்று பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டார். வழியெல்லாம் அவர் கை என் தோள்மேல் இருந்தது. எனக்கு அழுகை அழுகையாக வந்தது.

வைத்திக்குப்பத்தில் படகுகள் கரையேறியிருந்தன. அக்கா சங்கராவும் கொஞ்சம் நெத்திலியும் வாங்கினார். வெயில் இன்னும் உறைக்கவில்லை. கடலும் வானமும் ஒரே நிறத்தில், எது எங்கே முடிகிறது என்று தெரியாமல் கிடந்தன. ஒரு படகின் நிழலில் உட்கார்ந்தோம். நான் தாளை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதைத் துணியைப் பிடிப்பது போல இரண்டு கையாலும் விரித்து, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார். காற்று தாளைப் படபடக்க வைத்தது.

"இதானே? ஓரத்துல கறுப்பே இல்லாத பூ" என்றார்.

ஒரு வருடத்துக்கு முன் ஒரு நாளில் பார்த்த நூற்றுக்கணக்கான படங்களில் ஒன்று. அவருக்கு நினைவிருந்தது. நான் விஷயத்தைச் சொன்னேன். ஒரு நட்சத்திரம் வழி தவறி கருந்துளையின் பக்கத்தில் போய்விட்டது, அது இதைக் கிழித்துவிட்டது என்று.

"எப்படிக் கிழிக்கும்? கையா இருக்கு அதுக்கு?"

கடலைக் காட்டிச் சொன்னேன். நிலா கடலை இழுக்கிறது. நிலாவுக்குக் கிட்டே இருக்கும் பக்கத்தைக் கொஞ்சம் அதிகமாக இழுக்கும், தூரத்துப் பக்கத்தைக் கொஞ்சம் குறைவாக. அந்த வித்தியாசத்தால்தான் கடல் ஏறுகிறது, வற்றுகிறது. கருந்துளைக்கு அதே இழுப்புதான், ஆனால் தாங்க முடியாத இழுப்பு. நட்சத்திரத்தின் முன்பக்கம் ஓடிவிடும், பின்பக்கம் பின்தங்கிவிடும், நடுவில் அது நீண்டுகொண்டே போகும்.

"நூலு நூலாப் பிரிஞ்சிடும்னு சொல்லு" என்றார் அக்கா. "அப்புறம் முழுசா முழுங்கிடுமா?"

"இல்லக்கா. பாதியத்தான் அது புடிக்கும். அந்தப் பாதி சுத்திச் சுத்தி வந்து, சூடேறி, எரியும். நாம பாத்த வெளிச்சம் அதான். மிச்சப் பாதி விசிறிக்கிட்டு வெளியில போயிடும்."

"தப்பிச்சிடுதா?"

"தப்பிச்சிடும். ஆனா நட்சத்திரமா இல்ல. சும்மா தூசியா, காத்தா, எங்கியோ போயிக்கிட்டே இருக்கும்."

அவர் முழங்காலைத் தடவிக்கொண்டு கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அலை வந்து படகின் அடிவரை நனைத்துவிட்டுப் போனது. அப்போதுதான் எனக்குத் தைரியம் வந்தது, அல்லது இனியும் அடக்க முடியவில்லை.

"அக்கா, நீங்க போட்டது சரின்னு எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சுதான் செவப்பு போட்டேன்."

"தெரியும் பாப்பா."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"உன் பேப்பர்ல நடுவுல இருந்தா எல்லாம் குப்பைன்னு எழுதியிருந்த. எனக்கு மனசு ஒப்பல. அந்த இங்கிலீஷ் பேப்பர ஜெராக்ஸ் எடுத்துட்டுப் போயி என் பொண்ண வுட்டுப் படிக்கச் சொன்னேன். வட்டமா இருந்தா உண்மைன்னு போடுன்னு அதுல இருக்கு. நீ அதப் படிச்சுத்தானே உன் பேப்பர எழுதியிருப்ப. அதான் போட்டேன். உங்கிட்ட சொல்லலாம்னு ரெண்டு வாட்டி உன் டேபிளாண்ட வந்தேன். நீ ஸ்கிரீன்லேந்து மூஞ்சிய எடுக்கல. சரி, நீயா சொல்லுவன்னு வுட்டுட்டேன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்துக்கு வேறு பேர் வைக்க நான் முயன்றதுண்டு, எதுவும் பொருந்தவில்லை. மேனேஜரிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், வெளிநாட்டுக்காரர்களுக்கு உங்கள் பேரை எழுதுகிறேன், மறுபடி வேலைக்குக் கூப்பிடச் சொல்கிறேன் என்றெல்லாம் மூச்சுவிடாமல் பேசினேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"அதெல்லாம் அப்புறம். அந்தச் செவப்ப எடுக்க முடியுமா?"

முடியாது. அந்தக் கணக்கு மூடப்பட்டுவிட்டது, பழைய குறிப்புகளை யாரும் திறக்க முடியாது. அதை அவரிடம் சொன்னேன்.

"பத்து வருசத்துக்கு மேல செக்கிங்ல இருந்தேன். நல்ல துணிய டேமேஜுன்னு சொன்னதில்ல, டேமேஜ நல்லதுன்னு வுட்டதில்ல. இங்க வந்து தப்பு தப்புன்னு பேரு வாங்கினேன்ல, அதான் ஆறல" என்றார். பிறகு, "பேனா வச்சிருக்கியா?" என்று கேட்டார்.

பையைத் துழாவினேன். நீலப் பேனாதான் இருந்தது. பச்சை இல்லையே என்றேன்.

"நீலம்னாலும் பரவால்ல. போடு."

ஈர மணலில் தாளை வைக்க முடியாமல், மீன் கூடையின் மூடிமேல் வைத்து டிக் போட்டேன். மூலையில் தண்ணீர் பட்டு ஊறியது. அக்கா அதை வாங்கி, நான்காக மடித்து, ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை காலையில் எல்லோர் முன்னாலும் சுவரில் இருந்த என் தாளை எடுத்துவிட்டு, நடந்ததைச் சொன்னேன். மேனேஜர் சாருக்கு அன்று பிரெஞ்சு வரவில்லை. வெளிநாட்டுக்கு நானே கடிதம் எழுதினேன். முதலில் பார்த்தவரின் பேரையும், மாற்றியது நான் என்பதையும், ஏன் மாற்றினேன் என்பதையும் எழுதினேன். சரிபார்க்கும் வேலையிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். எங்கள் குறிப்புகளைப் படித்துத்தான் எந்திரம் கற்றது, என்னுடைய சிவப்புகளையும் சேர்த்துத்தான் கற்றது. நடுவில் தெரிந்தால் குப்பை என்று அதுவும் தள்ளிக்கொண்டிருந்ததாம். பிறகு அவர்கள் உட்கார்ந்து அதைத் திருத்தினார்கள். இப்போது அந்த வேலையை எந்திரமே செய்கிறது. அக்காவைக் கூப்பிட வேண்டும் என்று சாரும் உண்மையாகவே நினைத்தார், ஆனால் கூப்பிடுவதற்கு அந்த வேலையே இல்லாமல் போய்விட்டது. அவர் அந்தத் துணி கம்பெனியில் சண்டை போட்டு ஒரு உயரமான ஸ்டூல் வாங்கிக்கொண்டார். அதில் சாய்ந்து, பாதி நின்றும் பாதி உட்கார்ந்தும் துணி பார்க்கிறார்.

போன மாதம் போயிருந்தேன். டீ போட்டுக் கொடுத்துவிட்டு, மகள் அனுப்பிய புடவையைக் காட்டுவதற்காக பீரோவைத் திறந்தார். கதவின் உட்புறம் அந்தத் தாள். அச்சு மை வெளுத்து, கட்டங்கள் பழுப்பாகிவிட்டன. வெள்ளைப் புள்ளி எங்கே இருக்கிறது என்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். நீல டிக் மட்டும் போட்ட அன்று போலவே இருந்தது.

"இப்ப எப்படி இருக்கு அது?" என்று கேட்டார், ஊரில் இருக்கும் சொந்தக்காரரை விசாரிப்பது போல.

"அடங்கிடுச்சுக்கா. தின்னு முடிச்சாச்சு. இப்ப அந்த எடத்துல யாரு பாத்தாலும் ஒண்ணும் தெரியாது."

அக்கா நாற்காலியில் உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, பழைய மாதிரியே அந்தத் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நான் பாத்தப்ப இருந்துச்சு. நீயே டிக் போட்டிருக்க" என்று சொல்லிவிட்டு, புடவையை எடுத்து என் மடியில் விரித்தார்.